வறட்சிக்குப் பிறகு மழை: கரிசல் மானாவாரியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவில்பட்டி, விளாத்திகுளம், அருப்புக்கோட்டை, கமுதி வட்டாரங்களில் இரண்டு ஏக்கர், நான்கு ஏக்கர் வைத்து வானம் பார்த்து விவசாயம் செய்பவர்களுக்கான பக்கம் இது. 2016-இல் தமிழகத்தில் வடகிழக்குப் பருவமழை சராசரியான 440 மில்லிமீட்டருக்குப் பதில் 168 மில்லிமீட்டர்தான் பெய்தது. 2017 ஜனவரியில் மாநிலம் முழுவதும் வறட்சி அறிவிக்கப்பட்டது. அப்படியொரு வறட்சிக்குப் பிறகு முதல் மழை விழுந்த மறுநாள் காலையில் ஊர் ஊராக எழும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றேதான். கேட்டவர்களின் வார்த்தையிலேயே அவற்றைத் தொகுத்திருக்கிறோம்.

1. நேத்து ராத்திரி நல்ல மழை. இன்னைக்கே விதைச்சிரலாமா?

வேண்டாம். முதலில் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு புஞ்சைக்குப் போங்கள். மேடு, நடு, பள்ளம் என மூன்று இடத்தில் ஒரு அடி ஆழம் தோண்டிப் பாருங்கள். ஈர மண் கருத்தும், காய்ந்த மண் சாம்பல் பூத்தும் தெரியும். இரண்டுக்கும் நடுவில் கோடு போட்டது போல எல்லை இருக்கும். அந்த எல்லை மேலிருந்து அரை அடிக்குக் கீழே இருந்தால்தான் விதைப்பைப் பற்றிப் பேசலாம். மூன்று விரற்கடையிலேயே நின்றுவிட்டால் இது விதைப்பு மழை இல்லை.

அந்த அளவு ஈரத்தில் போட்ட விதை முளைக்காமல் இருந்தால்கூடப் பரவாயில்லை. முளைத்துவிடும், அதுதான் நட்டம். வேர் இரண்டு அங்குலம் இறங்கியதும் காய்ந்த மண்ணில் முட்டி நிற்கும், ஏழெட்டு நாள் வெயிலில் பயிர் சுருண்டுவிடும். விதைக்கூலி, உழவுக்கூலி, விதை மூன்றும் ஒன்றாகப் போகும். வறட்சியில் கையிருப்பு கரைந்த குடும்பத்துக்கு இரண்டாவது விதைப்புக்குக் காசு எங்கிருந்து வரும்?

2. எத்தனை மில்லிமீட்டர் பெய்ஞ்சதுன்னு வீட்டுலயே அளக்க முடியுமா?

முடியும். அடியிலிருந்து வாய் வரை ஒரே அகலமாக, நேர்ச் சுவராக இருக்கிற தகர டப்பாவோ பிளாஸ்டிக் டப்பாவோ போதும். மரம், கூரை எதுவும் மறைக்காத இடத்தில் இரண்டடி உயரத்தில் கட்டி வையுங்கள். காலை எட்டரை மணிக்கு உள்ளே ஸ்கேலை விட்டுப் பாருங்கள். 1 சென்டிமீட்டர் தண்ணீர் நின்றால் 10 மில்லிமீட்டர் மழை. அடி குறுகிய வாளியும் குவளையும் கூடுதலாகக் காட்டும்.

ஏக்கருக்கு 1 மில்லிமீட்டர் மழை என்றால் சுமார் 4,000 லிட்டர். 25 மில்லிமீட்டர் பெய்தால் ஒரு ஏக்கரில் ஒரு லட்சம் லிட்டர் விழுந்திருக்கிறது. பண்ணைக்குட்டை வைத்திருப்பவர்கள் இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

3. எங்க தாத்தா 'ஒரு உழவு மழை'ம்பாரு. அது எத்தனை மில்லிமீட்டர்?

உழவு மழை என்பது விழுந்த தண்ணீரின் அளவு அல்ல, மண்ணில் ஈரம் இறங்கிய ஆழம். ஏர் இறங்குகிற அளவு நனைந்தால் ஒரு உழவு. அதனால் மண்ணுக்கு மண் கணக்கு மாறும். நன்றாகக் காய்ந்த கரிசலில் 25 மில்லிமீட்டர் மழை சுமார் அரை அடி நனைக்கும். அதே மழை செவலில், அதாவது செம்மண்ணில், கிட்டத்தட்ட ஒரு அடி இறங்கும். பக்கத்து ஊர்ச் செவல்காட்டில் ஏர் பூட்டிவிட்டார்கள் என்று கரிசல்காரர் அவசரப்படக் கூடாது என்பது இதனால்தான். விதைப்பை முடிவு செய்ய மில்லிமீட்டரைவிடத் தாத்தாவின் அளவே கூடுதலாக உதவும்.

4. நிலமெல்லாம் கை நுழையிற அளவு வெடிச்சுக் கிடக்கு. மழைத் தண்ணி பூராம் வெடிப்புலயே போயிருமே?

முதல் மழையில் நல்ல பங்கு அப்படித்தான் போகும். அது வீண் இல்லை, அடிமண்ணில் தங்கிப் பின்னால் வேருக்கு உதவும். ஆனால் தோண்டிப் பார்க்கும்போது ஏமாற்றும். வெடிப்பின் ஓரத்தில் தோண்டினால் இரண்டடி ஈரம் தெரியும், ஒரு முழம் தள்ளித் தோண்டினால் நான்கு விரற்கடைதான் இருக்கும். வெடிப்புக்கு நடுவில் உள்ள கட்டியில்தான் தோண்ட வேண்டும்.

மண் உப்பி வெடிப்பு மூடியதும் கரிசல் தண்ணீரை உள்ளே விடாது. அடுத்த மழை மேலோடு ஓடிவிடும். ஆகவே வெடிப்பு மூடுவதற்குள் சரிவுக்குக் குறுக்கே உழுது, 8 மீட்டருக்கு 5 மீட்டர் அளவில் சிறு வரப்புகளால் பகுதி பகுதியாக அடைத்துவிட்டால் இரண்டாவது மழை அங்கேயே நிற்கும். மழைக்கு முன்பே, காய்ந்த மண்ணில் உழும் புழுதி உழவில் இதைச் செய்து வைத்தவர்களுக்கு இன்னும் நல்லது.

5. மழை விட்டு எத்தனை நாள்ல ஏர் இறக்கலாம்?

செவலில் ஓரிரு நாள். கரிசலில் மழை நின்று வெட்டாப்பு (வெயில்) விட்டு மூன்று முதல் ஐந்து நாள் ஆகலாம். நாளை எண்ணுவதைவிட மண்ணைக் கையில் எடுத்துப் பார்ப்பது மேல். நான்கு அங்குல ஆழத்திலிருந்து ஒரு பிடி எடுத்து உருண்டை பிடியுங்கள். நெஞ்சு உயரத்திலிருந்து கீழே விடுங்கள். இரண்டு மூன்று துண்டாக உடைந்தால் பதம். தட்டையாக ஒட்டிக்கொண்டால் இன்னும் பொறுக்க வேண்டும். உருண்டையே பிடிபடாமல் உதிர்ந்தால் ஈரம் போய்விட்டது.

பதத்துக்கு முன்னால் டிராக்டரை இறக்கினால் கலப்பை புரட்டிய இடம் மெழுகினாற்போல் பளபளக்கும். அது காய்ந்தால் மண்வெட்டிக்கும் அசையாத கட்டி. டயர் போன தடம் அந்தப் பருவம் முழுக்க வேரைத் தடுக்கும். பதம் இருப்பது நான்கைந்து நாள்தான், அதே நாளில் ஊரே டிராக்டர் தேடும். அதனால் மழை விட்ட அன்றே சொல்லி வைத்துவிடுங்கள்.

6. செப்டம்பர்லயே புழுதியில சோளம் விதைச்சிட்டேன். 8 மில்லிமீட்டர்தான் பெய்ஞ்சிருக்கு. விதை போச்சா?

எவ்வளவு ஆழத்தில் போட்டீர்கள் என்பதைப் பொறுத்தது. பருவமழைக்கு முந்தைய விதைப்பில் 5 சென்டிமீட்டர் ஆழம் என்று வலியுறுத்துவதே இந்தச் சின்ன மழைக்காகத்தான். 8 மில்லிமீட்டர் மேல்மண்ணோடு நின்றுவிடும், அடியில் உள்ள விதைக்குத் தெரியாது. 20 முதல் 25 மில்லிமீட்டர் வந்தால்தான் அது விழிக்கும். நான்கைந்து இடத்தில் விதைத்த வரிசையைக் கிளறி விதையை எடுத்துப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் கவலை இல்லை. ஊதி, முனையில் வெள்ளையாக முளை தெரிந்தால் அது பாதி வழியில் நிற்கிறது. ஒரு வாரத்தில் அடுத்த மழை இல்லையென்றால் மறுவிதைப்புக்கு விதை தேடி வைக்க வேண்டும்.

அடுத்த ஆண்டு விதையைக் கடினப்படுத்தி விதையுங்கள். சோளத்துக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் 20 கிராம் பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் கரைத்து, கிலோ விதைக்கு 350 மில்லி வீதம் ஊற்றி, 6 மணி நேரம் ஊறிய பின் நிழலில் பழைய ஈரத்துக்கு உலர்த்த வேண்டும். இடைவறட்சியை அந்த முளை கூடுதலாகத் தாங்கும்.

7. ரெண்டு வருசமா விதைக்காம வச்சிருந்த விதை இருக்கு. போடலாமா?

சோதிக்காமல் போடாதீர்கள். நூறு விதையை எண்ணி நனைத்த சாக்கில் வரிசையாக வைத்துச் சுருட்டி, ஈரம் காயாமல் நிழலில் வையுங்கள். பயறுக்கு 7 நாள், சோளத்துக்கு 10 நாள் கழித்து எண்ணுங்கள். உளுந்து, பாசி, சோளம், கம்பு நான்குக்கும் 75-க்கு மேல் முளைக்க வேண்டும். 60 வந்தால் விதையளவைக் கால் பங்கு கூட்டிப் போடலாம். அதற்கும் கீழே என்றால் ஆட்டுக்கு வையுங்கள். மருந்து கலந்த விதையாக இருந்தால் அதையும் செய்யாதீர்கள்.

கம்பு என்றால் 10 லிட்டர் தண்ணீரில் 1 கிலோ உப்பைக் கரைத்து விதையைக் கொட்டுங்கள். மிதப்பதில் பொக்கும் தேன்ஒழுகல் நோய்க் காளான் கட்டிகளும் இருக்கும். அள்ளி எறிந்துவிட்டு, மூழ்கியதை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று தடவை அலசி உலர்த்துங்கள்.

8. மழை கார்த்திகையிலதான் வந்துச்சு. இனி என்ன போடலாம்?

நவம்பர் முதல் வாரம் தாண்டிவிட்டால் பருத்தியை மறந்துவிடுங்கள். தானியத்துக்கு என்று சோளம் போடுவதும் துணிச்சல்தான். டிசம்பரோடு மழை முடியும் என்று வைத்து, மண்ணில் தங்கிய ஈரத்தில் எத்தனை நாள் பயிர் நிற்கும் என்று பார்க்க வேண்டும். இரண்டடி நனைந்த கரிசலில் குறுகிய காலப் பயறு தேறும். பாசியில் கோ 8 ரகம் 55 முதல் 60 நாள், ஒரே சமயத்தில் முற்றும். உளுந்தில் வம்பன் 8 ரகம் 65 முதல் 75 நாள், மஞ்சள் தேமலைத் தாங்கும். இரண்டுக்கும் ஏக்கருக்கு 8 கிலோ விதை. மல்லி இந்த மண்ணின் பழைய கூட்டாளி, பனியிலேயே தேறும். விதையை இரண்டாக உடைத்து விதைக்க வேண்டும்.

தீவனம்தான் தேவை என்றால் சோளத்தை நெருக்கமாக விதைக்கலாம். அதற்கு முன் 14-ஆம் கேள்வியைப் படித்துவிடுங்கள்.

9. முளைச்சு வந்துச்சு, அப்புறம் பதினஞ்சு நாளா மழை இல்ல. அங்கங்க சொட்டை. அழிச்சிட்டு மறுபடி விதைக்கவா?

கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள், சொட்டைதான் முதலில் கண்ணில் படும். ஒரு மீட்டர் சதுரம் கம்பால் அமைத்துப் பத்து இடத்தில் எண்ணுங்கள். உளுந்து 30-க்கு 10 சென்டிமீட்டர் இடைவெளியில் இருந்தால் சதுர மீட்டருக்கு 33 செடி வர வேண்டும். 45-க்கு 15-இல் சோளம் என்றால் 15. பாதிக்கு மேல் உயிரோடு இருந்தால் விட்டுவிடுங்கள். வேர் இறங்கிய பழைய பயிர், தாமதமாக விதைத்த முழுப் பயிரைவிடப் பெரும்பாலும் மேல். சொட்டை நிரப்புவதாக இருந்தால் முளைத்த பத்து நாளுக்குள் செய்ய வேண்டும்.

நிற்கிற பயிரைக் காப்பாற்ற முதல் வேலை களையெடுப்பு. களைக்கொத்தால் மேல்மண்ணைக் கிளறிப் பொடியாக்கினால் வெடிப்பு மூடும், ஈரம் ஆவியாவது குறையும். தெளிப்புகள் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

10. போன வருசம் போட்ட உரம் மண்ணுலயே இருக்குமா? இந்த வருசம் போடாம விடலாமா?

பாதி சரி. மணிச்சத்து (பாஸ்பரஸ்) எங்கேயும் போகாது. ஆனால் சுண்ணாம்பு மிகுந்த கரிசலில் அது மண்ணோடு கட்டிக்கொண்டு பயிருக்கு எளிதில் கிடைக்காது. தழைச்சத்து (நைட்ரஜன்) மழையில்தான் கரைந்து போகும். மழையே பெய்யாத ஆண்டில் நல்ல பங்கு மிஞ்சியிருக்கும். இன்னொன்றும் உண்டு. நெடுநாள் காய்ந்த மண்ணில் ஈரம் பட்டதும் நுண்ணுயிர்கள் ஒரே மூச்சில் கிளம்பி, மட்கில் இருந்த தழைச்சத்தை வெளியே விடும். வறட்சிக்குப் பின் வரும் முதல் பயிர் கருகருவென்று இருப்பது இதனால்தான்.

எனவே அடியுரமாக யூரியா வேண்டாம். உளுந்து, பாசிக்கு ஏக்கருக்கு 22 கிலோ டி.ஏ.பி. போதும். பூக்கும்போதும் அதிலிருந்து 15 நாள் கழித்தும் 2 சதவீத டி.ஏ.பி. கரைசல் தெளியுங்கள். 4 கிலோவை முந்தின நாள் ஊறவைத்து, தெளிந்ததை வடித்து 200 லிட்டர் ஆக்கினால் ஒரு ஏக்கருக்கு ஆகும். வடிகட்டாமல் ஊற்றினால் தெளிப்பான் மூக்கு அடைக்கும். மண்ணில் ஈரம் இல்லாத நாளில் தெளித்தால் இலை கருகும்.

11. கிடை போட்ட நிலம் முழுக்கச் சீமைக்கருவேலங் கன்னா முளைக்குதே?

வறட்சியில் ஆடுகள் அந்த நெற்றைத் தின்றுதான் உயிர் பிழைத்தன. விதை செரிக்காமல் புழுக்கையோடு வந்து, முதல் மழைக்குக் காத்துக் கிடந்தது. கன்று ஒரு சாண் உயரத்தில் இருக்கும்போது ஈர மண்ணில் கையால் பிடுங்கினால் ஆணிவேரோடு வரும். ஒரு மாதம் தாண்டினால் கடப்பாரை வேண்டும். வெட்டிவிட்டால் அடியிலிருந்து நாலு கிளையாகத் துளிர்க்கும்.

12. மழை பெய்ஞ்ச மூணாம் நாள் விளக்கைச் சுத்தி வெள்ளை வெள்ளையா அந்துப்பூச்சி. பயப்படணுமா?

ஈசலாக இருந்தால் பயமில்லை. வெள்ளை இறக்கையில் மஞ்சள் விளிம்பும் சிவந்த அடிவயிறும் இருந்தால் அது சிவப்புக் கம்பளிப்புழுவின் தாய். மண்ணுக்குள் கூட்டுப்புழுவாகக் கிடந்தது மழை ஈரத்தில் வெளியே வருகிறது. நிலக்கடலையும் பயறும் போட்டவர்கள் அன்று இரவே வேலையைத் தொடங்க வேண்டும். ஏக்கருக்கு ஒன்றிரண்டு விளக்குப்பொறியோ தீ மூட்டமோ, இரவு 7 முதல் 11 மணி வரை. பக்கத்துப் புஞ்சைக்காரர்களும் சேர்ந்தால்தான் பலன். அடுத்த நாட்களில் இலையின் அடியில் முட்டைக் குவியலைத் தேடி இலையோடு பறித்து அழியுங்கள். ஒரு குவியலில் நூற்றுக்கணக்கில் இருக்கும். புழு வளர்ந்து ரோமம் அடர்ந்துவிட்டால் மருந்து எளிதில் பிடிக்காது.

13. புதுப்புல்லு மேய்ஞ்ச ஆடு கழியுது, மாட்டுக்கு வயிறு உப்புது. ஏன்?

மாதக் கணக்கில் காய்ந்த சோளத்தட்டையைத் தின்ற வயிற்றில் இருக்கும் நுண்ணுயிர்கள் வேறு வகை. திடீரென்று நீர்ச்சத்து மிகுந்த பச்சை உள்ளே போனால் தடுமாறும். முதல் பத்து நாள் காலையில் வீட்டிலேயே காய்ந்த தீவனம் கொடுத்து, பனி உலர்ந்த பிறகு இரண்டு மணி நேரம் மட்டும் மேய விடுங்கள். பிறகு சிறிது சிறிதாகக் கூட்டலாம்.

செம்மறிக் குட்டிகள், அதிலும் கொழுத்தவை, துள்ளி விழுந்து சாவது துள்ளுமாரி. புதுப்புல் மேய்ச்சலோடு வரும். அதற்கான தடுப்பூசியை மழைக்கு முன்பே போட்டிருக்க வேண்டும். மாட்டுக்குத் தொண்டை அடைப்பானும் சப்பை நோயும் அதே போலத்தான்.

14. காய்ஞ்சு போன சோளம் மழைக்குத் துளிர்த்திருக்கு. மாட்டை அதுல விடலாமா?

விடக் கூடாது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை நினைவில் வைத்துக்கொள்வதாக இருந்தால் இதை வைத்துக்கொள்ளுங்கள். இளஞ்சோளத்திலும், வாடி மீண்டும் துளிர்த்த கிளையிலும் ஒரு பொருள் இருக்கிறது. மாடு மென்றதும் அது ஹைட்ரோசயனிக் அமிலமாக மாறுகிறது. வாடிய பயிரில் கூடுதல், அறுத்த கட்டையில் வரும் புதுத் துளிரில் அதைவிடக் கூடுதல். மேய்ந்த கால் மணி நேரத்திலேயே மாடு மூச்சுத் திணறி, வாயில் நுரை தள்ளி, தள்ளாடி விழும். இரத்தம் வழக்கத்தைவிடப் பளீர்ச் சிவப்பாக இருக்கும்.

கைவைத்தியத்தில் நேரம் கடத்தாதீர்கள். 1962-க்கு அழையுங்கள், கால்நடை மருத்துவரிடம் "சோளம் மேய்ந்தது" என்று முதல் வார்த்தையிலேயே சொல்லுங்கள். சோடியம் நைட்ரைட், சோடியம் தயோசல்பேட் ஊசி உடனே கிடைத்தால் பிழைக்கும். பூப்பிடித்த பிறகு பச்சையாகக் கொடுக்கலாம். அதற்கு முன் அறுத்தே ஆக வேண்டும் என்றால் மொடமொடவென்று காயவைத்து, வேறு தீவனத்தோடு கலந்து கொடுங்கள். பசியோடு இருக்கும் மாட்டுக்கு முதல் தீவனமாக ஒருபோதும் வைக்காதீர்கள். வேலி போடாத புஞ்சையில் சோளக்கட்டை இருந்தால் மழை பெய்த வாரமே உழுது மடக்கிவிடுவது பக்கத்து வீட்டு மாட்டுக்கும் பாதுகாப்பு.

15. நல்லா இருந்த மாடு திடீர்னு செத்துக் கிடக்கு. அறுத்துப் பாக்கலாமா?

மூக்கு, ஆசனவாய் வழியாக உறையாத கறுப்பு இரத்தம் வந்திருந்தால் தொடவே கூடாது, அது அடைப்பானாக (ஆந்த்ராக்ஸ்) இருக்கலாம். நெடுநாள் மண்ணில் கிடந்த கிருமி வறட்சிக்குப் பிந்தைய மழையில் மேலே வரும். அறுத்தால் காற்றுப்பட்டு அந்த இடம் ஆண்டுக் கணக்கில் நஞ்சாகும், அறுத்தவருக்கும் ஒட்டும். மருத்துவருக்குச் சொல்லிவிட்டு, ஆறடிக் குழியில் சுண்ணாம்பு போட்டுத் தோலோடு புதைக்க வேண்டும்.

16. இவ்வளவு பெய்ஞ்சும் கிணத்துல தண்ணி ஏறலையே?

4-ஆம் கேள்வியில் சொன்ன காரணம்தான். உப்பிய கரிசல் தண்ணீரைக் கீழே விடாது. இங்கே கிணற்றை நிரப்புவது கண்மாயும் ஊருணியும். வரத்துக்காலில் புதர் அடைத்திருந்தால் எத்தனை மழை பெய்தாலும் கண்மாய்க்குத் தண்ணீர் வராது. கண்மாய் பெருகினாலும் ஊற்று வர வாரக் கணக்கு ஆகும்.

17. கிணத்துல இறங்கி மோட்டாரைத் தூக்கி வைக்கணும். இறங்கலாமா?

மழை ஊறிய கிணற்றுச் சுவர் சரியக்கூடும். கைப்பிடிச் சுவரில் புது வெடிப்பு, உள்ளே மண் உதிர்ந்த தடம் இருந்தால் இறங்காதீர்கள். நெடுநாள் மூடிக்கிடந்த கிணற்றில் உயிர்க்காற்று குறைந்திருக்கும். விளக்கை இறக்கிப் பார்ப்பது அதற்கு ஓரளவு உதவும். ஆனால் உள்ளே டீசல் இன்ஜின் ஓடியிருந்தால் சேரும் கார்பன் மோனாக்சைடை விளக்கு காட்டாது. ஒருவர் மயங்கினால் காப்பாற்ற அடுத்தவர் இறங்குவதுதான் சாவை இரட்டிப்பாக்குகிறது. இடுப்பில் கயிறு கட்டாமல், மேலே இரண்டு பேர் இல்லாமல் யாரும் இறங்கக் கூடாது.

மோட்டாரைப் போடுவதற்கு முன் மெயினை அணைத்து ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்து பாருங்கள். எலிக்கூடும் கடித்த ஒயரும் இருக்கும். ஈரம் ஏறிய காயிலை எலெக்ட்ரீஷியன் மெக்கர் (மின்கசிவு பார்க்கும் கருவி) வைத்துப் பார்க்காமல் ஓட்டினால் எரிந்துவிடும்.

18. வறட்சின்னு அழுதோம், இப்ப பயிர் தண்ணியில நிக்குது. என்ன செய்ய?

2023 டிசம்பர் 17, 18-இல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் கொட்டியது கோவில்பட்டியும் விளாத்திகுளமும் இருக்கிற தூத்துக்குடி மாவட்டத்தில்தான். பயறு இரண்டு நாளுக்கு மேல் தேங்கிய தண்ணீரைத் தாங்காது. தண்ணீரைக் கட்ட 4-இல் சொன்ன வரப்புகளைப் பள்ளத்துப் பக்கம் வெட்டி விடுங்கள். வடிந்து பதம் வந்ததும் களைக்கொத்து போட்டு வேருக்குக் காற்று கொடுங்கள்.

பயிர்க் காப்பீடு செய்திருந்தால் தண்ணீர் புகுந்த 72 மணி நேரத்துக்குள் 14447-இல் தெரிவிக்க வேண்டும். தேதி தெரியும்படி படம் எடுத்து வையுங்கள். அடங்கலில் (கிராமப் பயிர்ப் பதிவேட்டில்) ஒரு பயிரும் நிலத்தில் வேறு பயிருமாக இருந்தால் சிக்கல். மழை தாமதமாகிப் பயிரை மாற்றியவர்கள் கிராம நிர்வாக அலுவலரிடம் அதைச் சரி செய்துகொண்டு பிறகு பிரீமியம் கட்டுங்கள்.

19. பஞ்சத்துல வித்த மாட்டைத் திரும்ப வாங்கலாமா? சந்தையில விலை ஏறிக்கிட்டே போகுதே.

மழை பெய்த வாரத்தில் எல்லோரும் வாங்க வருவதால்தான் ஏறுகிறது. உங்கள் புஞ்சையில் தீவனம் நிற்க இன்னும் இரண்டு மாதம் ஆகும். அதுவரை வாங்கிய மாட்டுக்கு வைக்கோலும் விலைக்குத்தான். 250 கிலோ எடையுள்ள நாட்டு மாடு நாளைக்குச் சுமார் 6 கிலோ காய்ந்த தீவனம் தின்னும். மானாவாரியில் ஒரு ஏக்கர் சோளம் 2 டன் தட்டை கொடுத்தால், மழையில் நனைந்தும் மிதிபட்டும் போனது போக ஒன்றரை டன் மிஞ்சும். அது ஒரு மாட்டுக்கு 250 நாள். மீதி நாளுக்கு மேய்ச்சல் கைகொடுக்கும்.

பயறு பூத்து, தட்டை முழங்கால் தாண்டிய பிறகு ஒரு மாடு வாங்குங்கள். தட்டை அறுத்துப் படப்பு (தீவனப் போர்) ஏறிய பிறகு இரண்டாவதைப் பார்க்கலாம். அதற்குள் கை அரித்தால் இரண்டு வெள்ளாட்டுக் குட்டி போதும், வேலியோரத்தில் மேய்ந்துகொள்ளும்.